சாக்பீஸ் வண்டி

“லைன்லயே இருங்க மேடம், வண்டி இருக்குதான்னு பாத்துட்டு வந்தர்றேனுங்க” என்று சொல்லிவிட்டுப் போன பெண் இன்னும் வரவில்லை. கோயம்புத்தூர்க்காரி, பேர் கௌசல்யா என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாள், கேரவன் வாடகைக்கு விடுகிற கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டு உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் கீரை ஆய உட்கார்ந்திருக்கிறேன். ஏதோ பியானோ வாசிக்கிறார்கள், அதே நாலு கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு, நடுநடுவே ஒரு அம்மா வந்து உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்கிறாள். முக்கியமென்றால் வந்து பேச வேண்டியதுதானே. எத்தனை பேருங்க மேடம் என்று கேட்டாள் கௌசல்யா. நாங்க ரெண்டு பேரு, அப்புறம் பையன் என்றேன். அப்ப ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தைங்களா என்றாள். இல்லம்மா, பையனுக்கு இருபத்தாறு. ஓ, சரிங்க மேடம் என்றாள். இருபத்தாறு வயசுக்காரன் அப்பா அம்மாவோடு கேரவனில் கொடைக்கானல் போவானா என்று நினைத்திருப்பாள், இந்த வயசில் சிநேகிதர்களோடு அல்லவா போவார்கள், அப்போதே சொல்லியிருக்கலாமோ, என் பையன் கொஞ்சம் வேற மாதிரிம்மா என்று. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், மேனேஜரைக் கேட்கிறேன் என்பாள், மேனேஜர் வண்டிக்கு ஏதாவது ஆயிரும் என்பார். சொல்லாமல் இருந்தால் வண்டி வந்து வாசலில் நிற்கிறபோது தெரிந்துவிடும். இந்தக் கீரையில் பாதி மண். ஹாலிலிருந்து அமலன் குரல் வருகிறது, “அப்பா இல்ல. வண்டி போகாது.” அப்பா மீன் வாங்கப் போயிருக்காரு அமலு, வந்துருவாரு என்கிறேன். அவனுக்குப் பதில் வேண்டியதில்லை, சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து இதையேதான் சொல்கிறான், எனக்கும் பழகிவிட்டது.

வண்டி ஹாலில்தான் நிற்கிறது. வண்டி என்றால் சாக்பீஸ் கோடு. இவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டி வேலை பார்த்தவர், தகட்டை வெட்டுவதற்கு முன்னால் தரையில் முழு அளவுக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம், ரிட்டயர் ஆனபிறகும் போகவில்லை. அலமாரி வாங்கினாலும் முதலில் தரையில் வரைந்து, அதைச் சுற்றி ரெண்டு நாள் நடந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். கேரவன் படத்தை போனில் பார்த்து, நீளம் அகலம் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, மண்டி போட்டு வரைந்தார். எங்கள் ஹால் என்ன பெரிய ஹாலா, வண்டி கொள்ளவில்லை, வால் பகுதி சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, இப்போது நான் கீரை ஆய்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பின் பம்பர். டிவிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அது டிரைவர் சீட். இடது பக்கம் அடுப்பு, வலது பக்கம் மூலையில் ஒரு சதுரம், அது பாத்ரூம், அதற்குப் பின்னால் வரிசையாக மூன்று செவ்வகம். நீளமானது அமலனுக்கு, ஏனென்றால் அவன் அப்பாவைவிட உயரம். நடுவில் என்னுடையது, கதவோரம் இவருடையது. அந்தச் செவ்வகங்களில் பாயைப் போட்டு மூன்று பேரும் படுக்கிறோம். முதல் ராத்திரி அவன் தன் கட்டிலுக்கு ஓடிவிட்டான். அப்புறம் பாதி ராத்திரிவரை இருந்தான். இப்போது விடியும்வரை அசையாமல் தூங்குகிறான். இவர் அதைப் பார்த்துவிட்டு, காலையில் காப்பி குடிக்கும்போது, “பாத்தியா சலேத்து” என்று என்னிடம் அதுமட்டும் சொன்னார், கண்ணெல்லாம் கலங்கி. எனக்கும்தான் கலங்கியது. தரையைத் துடைக்கத்தான் முடியவில்லை, துடைத்தால் சுவர் போய்விடும். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கறிவேப்பிலை கேட்டு வந்தவள் கோட்டைக் கவனிக்காமல் நேராக நடந்து வந்துவிட்டாள், அதாவது வண்டியின் சுவருக்குள் புகுந்து. அமலன் காதைப் பொத்திக்கொண்டு போட்ட சத்தத்தில் அவளுக்கு முகம் வெளுத்துப் போச்சு. வெளியே போய்க் கதவு வழியாக மறுபடி ஏறி வாங்க ஸ்டெல்லாக்கா என்று கெஞ்சினேன். அவளும் வந்தாள் பாவம், ஒரு கையில் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படி இருக்கிற மாதிரி காலை உயர்த்தி வைத்து. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கறிவேப்பிலையைக் கொடுத்து அனுப்பினேன்.

யாராவது கேட்டால் சும்மா ஒரு டூர் என்கிறோம். நாங்கள் ரெண்டு பேரும் எங்களுக்குள்ளேகூட அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இது டூர் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெரிய நோன்பு முடிந்து, ஈஸ்டர் கழித்து ஒருநாள் ஊருக்கு வெளியே சிஸ்டர்மார் நடத்துகிற அந்த இல்லத்துக்குப் போனோமே, அன்றைக்கு ஆரம்பித்தது. நல்ல இடம்தான், குறை சொல்ல முடியாது, அமலன் மாதிரிப் பிள்ளைகள், பிள்ளைகள் என்ன, தலை நரைத்தவர்கள்கூட இருந்தார்கள். ஒருத்தர் வாசலில் நின்று வருகிற எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார், அவருக்கு அப்பா அம்மா போய்ப் பல வருஷமாச்சு என்றார்கள். பெரிய சிஸ்டர் அமலனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தான். “இவன் என்னைக்காவது வீட்டைவிட்டு வேற எடத்துல தூங்கியிருக்கானாம்மா?” என்று கேட்டார்கள். இல்லை சிஸ்டர் என்றேன். “ஒரு ராத்திரி தூங்கவச்சுப் பாருங்க. திடீர்னு கொண்டாந்து விட்டா இதுங்க தாங்காது. சோறு தண்ணி எறங்காது. முதல்ல ஒரு ராத்திரி, அப்புறம் பேசுவோம்.” அவ்வளவுதான் சொன்னார்கள், அன்பாகத்தான் சொன்னார்கள். திரும்பி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஏதோ ஷூட்டிங் என்று பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினார்கள், ஜன்னலுக்கு நேராக வெள்ளையாக நீளமாக ஒரு வண்டி. அதுக்குள்ள கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்குமாம் சலேத்து, வீடு மாதிரியே இருக்குமாம் என்றார். அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் அந்த நொடியில் அதே யோசனைதான் வந்தது. முப்பது வருஷமாகச் சேர்ந்து குடித்தனம் நடத்தினால் இப்படித்தான் ஆகும்போல, புத்திசாலித்தனம் என்றாலும் சேர்ந்தே வரும், முட்டாள்தனம் என்றாலும் சேர்ந்தே வரும்.

லாட்ஜுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது, அதைப் பார்த்தாயிற்று. வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்த்திக்கடன் என்று போனபோது எடுத்த ரூமில் கட்டிலின் தலைமாடு வேறு பக்கம் பார்த்து இருந்தது, அவன் வாசற்படியைத் தாண்டவே இல்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். எல்லா ரூம் கதவும் திறந்தது. எல்லா முகமும் என்னைத்தான் பார்த்தது, அவனை யாரும் பார்க்கவில்லை. பெத்தவ எதுக்கு இதைக் கூட்டிட்டு வரணும் என்று ஒரு அம்மா சொன்னாள், கழுத்தில் ஜெபமாலையோடு. மாதாவைக்கூடப் பார்க்காமல் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தோம். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை, இடுப்பில் கைகொடுத்துத் தூக்க முடிந்தது. இப்போது யார் தூக்குவது. போன மழைக்காலத்தில் மிக்ஸி சத்தத்துக்குத் தள்ளிவிட்டான், வேண்டுமென்று செய்யவில்லை, என் மணிக்கட்டு இன்னும் குளிரில் வலிக்கிறது. கொடைக்கானலில் குளிர் எப்படி இருக்குமோ, மணிக்கட்டு என்ன பாடு படுத்துமோ. இவருக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, டாக்டரிடம் போகலாம் என்றால் நாளைக்கு நாளைக்கு என்கிறார். அவர் முந்தினால் நான் என்ன செய்வேன், நான் முந்தினால் அவர் என்ன செய்வார், ரெண்டு பேரும் போய்விட்டால், இல்லை, அதை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று நினைத்துத்தான் தினமும் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் பிள்ளைக்கு வேலை வேண்டும் கல்யாணம் வேண்டும் என்று மன்றாடும்போது நான் என்ன கேட்கிறேன் தெரியுமா, எனக்கு ஒருநாள் முன்னால் அவனை எடுத்துக்கோ ஆண்டவரே என்று. பெற்ற தாய் கேட்கிற மன்றாட்டா இது. கேட்டுவிட்டு நன்மை அப்பம் வாங்கப் போய் வரிசையில் நிற்கிறேன். பியானோ நின்றது. இல்லை, திரும்ப ஆரம்பிக்கிறது.

மலையில் ஒரு எஸ்டேட்டில் வண்டியை நிறுத்த இடம் தருகிறார்களாம், கரண்ட் வயர் இழுத்துச் செருகிக்கொள்ளலாமாம், சுற்றி சவுக்கு மாதிரி உயரமான மரங்களாம். ஒரே ஒரு ராத்திரி. நான் இட்லிப் பொடி இடித்து வைத்தாயிற்று, அவன் சாப்பிடுகிற அந்த எவர்சில்வர் தட்டு, அந்த நீலப் போர்வை, அந்த ஃபேன் சத்தம்கூடப் போனில் பதிந்து வைத்திருக்கிறோம், அங்கே ஃபேன் வேண்டியிருக்காதாம், ஆனால் சத்தம் வேண்டுமே அவனுக்கு. பத்தலகுண்டு தாண்டி வண்டி மேலே ஏற ஆரம்பித்ததும் காது அடைக்கும், அதை அவனுக்கு எப்படிச் சொல்வது, காதுக்குள் யாரோ கையை வைக்கிற மாதிரி இருந்தால் அவன் என்ன செய்வான், வளைவுக்கு வளைவு வண்டி சாயும், இந்தச் சாக்பீஸ் வண்டி ஒருநாளும் சாய்ந்ததில்லையே. வாந்தி வந்தால், நடுவழியில் இறங்கணும் என்றால், இறங்கி ஓடினால், ஒரு பக்கம் பள்ளம். ஐயோ. இவ்வளவுக்கும் நடுவில் வெட்கமில்லாமல் எனக்கு ஒரு ஆசை வேறு, காலையில் கதவைத் திறந்தால் பனி உள்ளே வருமாமே, அதை ஒரு டம்ளர் காப்பியோடு பார்க்க வேண்டும் என்று. கல்யாணமான புதிதில் இவர் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அப்புறம் அமலன் பிறந்தான். “அம்மா ஏறல” என்கிறான் ஹாலிலிருந்து. “அப்பா இல்ல. அம்மா ஏறல. வண்டி போகாது.” இரு அமலு, கீரை ஆஞ்சுட்டு வர்றேன்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா? சாரிங்க மேடம், ரொம்ப நேரம் ஆயிருச்சு.” அப்பாடா, கௌசல்யா. இருக்கேம்மா சொல்லு என்கிறேன், கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு. “நீங்க கேட்ட வண்டி சர்வீஸ் போயிருக்குதுங்க. அந்தத் தேதிக்கு இன்னொன்னு இருக்குது, அதைவிடப் புதுசுங்க. என்ன ஒண்ணுன்னா பாத்ரூம் லெஃப்ட்ல வருங்க, அடுப்பு ரைட்ல. பெட்டு பின்னாடி குறுக்கால ஒண்ணு பெருசா, முன்னாடி ஒண்ணு தனியா. மத்தபடி எல்லாம் ஒண்ணுதானுங்க மேடம்.” எல்லாம் ஒண்ணுதானாம். இந்தப் பக்கம் இருக்கிறது அந்தப் பக்கம் போனால் உனக்கு ஒண்ணுதான் தாயி. ஒரு நிமிஷம் யோசிக்கிறேம்மா என்கிறேன். சரிங்க மேடம், அதுக்குள்ள நான் பார்ம்ல மத்ததைப் போட்டுக்கறேனுங்க என்று பேர், ஊர் எல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறாள், டக் டக் என்று கேட்கிறது. இவர் வந்ததும் அழித்துவிட்டு மறுபடி வரையச் சொல்ல வேண்டும். அழிக்கிறபோது அமலனை எங்கே நிறுத்துவது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி தன் கட்டிலுக்கு ஓடுவான், மறுபடி பாதி ராத்திரி, மறுபடி விடியும்வரை. வரைந்து பழக்கிவிடலாம், இவர் பழக்கிவிடுவார். முன்னாடி தனியாக இருக்கிற படுக்கை யாருக்கு, அமலனுக்குத்தான், நாங்கள் ரெண்டு பேரும் பின்னாடி. அவன் தனியாகவா. தனியாகப் படுப்பானா. தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டல்லவா தூங்குகிறான், நான் என் செவ்வகத்திலும் இவர் கதவோரத்திலும் படுத்தபிறகுதானே கண்ணை மூடுவான், ஒருநாள் இவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது எழுந்து உட்கார்ந்தானே, “அப்பா இல்ல” என்று.

கையில் கீரைத்தண்டோடு அப்படியே இருக்கிறேன். “அப்பா இல்ல. அம்மா ஏறல. வண்டி போகாது.” காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்ததுதான், இப்போதுதான் உள்ளே இறங்குகிறது. சிஸ்டர் என்ன கேட்டார்கள், வேற எடத்துல தூங்குவானா என்று கேட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம், வேற இடத்துக்குப் போகாமல் வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற வண்டியைப் பிடித்தோம். அதே தட்டு, அதே போர்வை, அதே ஃபேன் சத்தம், பக்கத்தில் அதே அம்மா, கதவோரத்தில் அதே அப்பா. இதில் அவன் கொடைக்கானலில் தூங்கினால் என்ன, இமயமலையில் தூங்கினால் என்ன, அதனால் எனக்கு என்ன தெரியப்போகிறது. நாங்கள் இல்லாத இடத்தில் தூங்குவானா என்பதுதானே கேள்வி. அதைப் பழக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரி ரெண்டு பேரும் பக்கத்திலேயே படுத்து, நாங்கள் இல்லாமல் வண்டி நகராது என்று பழக்கியிருக்கிறோம். இவருக்குத் தெரிந்திருக்குமா. ஒர்க்‌ஷாப்காரர், அளவு தப்பாதவர், மூன்று செவ்வகம் போடும்போதே தெரிந்திருக்க வேண்டாமா. தெரிந்துதான் போட்டாரோ என்னவோ. ரெண்டு செவ்வகத்தை அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வைக்க அந்தக் கை வருமா, எனக்கு வருமா. வராது.

“மேடம், ஒண்ணே ஒண்ணு மட்டும் பாக்கிங்க” என்கிறாள் கௌசல்யா. “அவசரத்துக்கு ஒருத்தரோட பேரும் நம்பரும் வேணுங்க.” அமலன் என்று வாயில் வந்துவிடுகிறது, ஏன் வந்தது என்று தெரியவில்லை, எந்த பார்மிலும் எங்களுக்கு அடுத்து அவன் பேர்தானே. “என்ன உறவுங்க?” மகன். “மேடம், அவருந்தான் உங்ககூட வர்றாருன்னீங்களே. வண்டில வராத ஒருத்தர் வேணுங்க. மலைப்பாதை பாருங்க, உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நாங்க யாரைக் கூப்பிடறதுங்க?” சின்னப் பெண், வேலைக்குக் கேட்கிறாள். என் தம்பி இருந்தவரை அவன் பேரைக் கொடுப்பேன். தங்கச்சி ஃப்ளோரா பெங்களூரில், பெரிய நோன்பில் போன் பண்ணினபோதே, அக்கா எனக்குன்னு ஒரு குடும்பம் இருக்கு, என்னை எதுலயும் இழுக்காத என்றுவிட்டாள். ஸ்டெல்லாவா, கறிவேப்பிலைக்கு வருகிறவள் மேல் இதை எப்படி ஏற்றுவது. சிஸ்டர் நம்பர் இருக்கிறது, ஒரு ராத்திரி அப்புறம் பேசுவோம் என்றவர்கள், அந்த ஒரு ராத்திரிதான் இன்னும் வரவில்லையே. “மேடம்?” யார் பேரையாவது சொல்லிவிடலாம், யார் சரிபார்க்கப் போகிறார்கள், ஆனால் வாயில் ஒரு பேர் வர வேண்டுமே. “கொஞ்சம் லைன்லயே இரும்மா” என்கிறேன்.

எழுந்து போய் வண்டியைச் சுற்றி, ஸ்டெல்லா மாதிரியே காலை உயர்த்தி, கதவு வழியாக ஏறுகிறேன். அமலன் முகம் தெளிகிறது. எனக்கு என்ன தோன்றியதோ, இவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். “அப்பா வரல, இன்னைக்கு அம்மா ஓட்டுறேன், போலாமா அமலு?” அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான், வலிக்கிற மணிக்கட்டை, ஆனால் மெதுவாகத்தான் பிடித்தான், எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் நடு செவ்வகத்தில் உட்கார வைத்தான். “அம்மா இங்க” என்றான். காலி நாற்காலியைக் காட்டி, “அப்பா அங்க.” தன் இடத்தில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். “வண்டி போகாது” என்றான், கோபமில்லாமல், தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி. போகாதுடா கண்ணு, போகாது. நான் அவன் முதுகில் கையை வைத்தேன், தள்ளாமல் இருந்தான். ரெண்டு பேரும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், கேட் திறக்கிற சத்தம் இன்னும் வரவில்லை, மீன் வாங்க இவ்வளவு நேரமா. சமையலறையில் உப்பு ஜாடிப் பக்கமிருந்து, “மேடம்? மேடம், இருக்கீங்களா?” என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

“இருக்கேம்மா” என்று இங்கிருந்தே கத்தினேன். “இப்ப இருக்கேன்.”